காலியாக விட்ட முதல் இடம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் இன்றைக்கும் என்னைக் கண்டால் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன. தப்பாக இருக்கிற இடத்தில் நீங்களே சரியாக வாசித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால், நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. எங்கள் அக்கா என்னை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்லும். அதனால்தான் இந்தக் காகிதம்.

கார்த்திகை மாதம் அக்கா பேரனுக்குக் காது குத்தினார்கள். விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ரேஸ் நகர் என்று ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. அதற்குள் ஒரு மண்டபம். நுழைகிற இடத்தில் பெரிய வளைவு, வளைவின்மேல் ஒரு குதிரை வேலியைத் தாண்டுகிற படம். பளபளவென்று உயரமான சீமைக்குதிரை, மேலே தொப்பி போட்ட வெள்ளைக்காரர். அந்த மாதிரிக் குதிரை எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததே இல்லை. வெள்ளைக்காரர் வந்திருப்பார், ரயில் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

பந்தியில் காகிதக் கப்பில் கொள்ளு ரசம் கொடுத்தார்கள். "குடிங்க பெரியவரே, கொழுப்பெல்லாம் கரைஞ்சிடும்" என்றார் பரிமாறுகிற பையன். என் உடம்பில் கரைப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கப்பை மூக்குக்குக் கொண்டு போனேன். அவித்த கொள்ளு வாசனை. அதற்குப்பின் எனக்கு ரசம் தெரியவில்லை, குதிரை தெரிந்தது. ஈரச் சாக்கும் சாணியும் வேர்வையும் கலந்த வாசனை. அக்கா வீட்டு வாசலில் சாயங்காலமானால் ஒரு பெரிய அலுமினிய குண்டானில் கொள்ளு அவியும். அது ராணிக்கு. ராணி என்பது எங்கள் மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், ஜட்காக் குதிரை. நான் வேலை முடிந்து வருகிற நேரமாக இருந்தால், அதிலிருந்து ஒரு கை அள்ளி உப்புப் போட்டு எனக்கும் கொடுக்கும் அக்கா. குதிரைக்கும் எனக்கும் ஒரே குண்டானில் சாப்பாடு. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ருசி நன்றாக இருக்கும்.

சாப்பிட்ட பிறகு போட்டோ எடுக்கிறவர் எல்லாரையும் மண்டபத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே புல் வளர்த்து, நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைச் சுவர். அதைச் சுற்றி சீரியல் லைட். "பழைய கம்பெனி டைல்ஸுங்க, கலரு கொறையவே கொறையாது. இதும் முன்னாடி நின்னா போட்டோ சூப்பரா வரும்" என்றார். எல்லாரும் நின்றார்கள். அக்கா மட்டும் நிற்கவில்லை. "நீங்க எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் கை கழுவப் போகிறவன்போல நழுவிவிட்டேன்.

அந்தச் சுவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மண்டபமும் மனைகளும் இருக்கிற இடம் முழுக்க முன்பு வெறும் புறம்போக்கு. தாண்டுத் திடல் என்பார்கள். வருஷம் முழுக்க அதற்கு வேலை உண்டு. அறுவடைக் காலத்தில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, காய வைப்பார்கள். சைக்கிள் பழகுகிறவர்கள் விழுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சூளையில் வளைந்துபோன பொம்மைகளைக் கம்பெனிக்காரர்கள் அதன் ஓரத்தில் கொட்டுவார்கள். மழை பெய்த மறுநாள் போனால் மூக்கில்லாத நாய்களும் துதிக்கை இல்லாத பிள்ளையார்களும் கழுவி வைத்ததுபோல வெளியே தெரியும்.

நான் அப்போது பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளையடியில் வேலை பார்த்தேன். மீசை நன்றாக வந்துவிட்ட வயது. பொம்மைகளையும் கரண்ட் கம்பத்துக் கிண்ணங்களையும் நெருப்பில் நேராக வைக்க முடியாது. கெட்டியான மண்பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிமேல் பெட்டியாகச் சூளைக்குள் அடுக்குவோம். பல தடவை வெந்த பிறகு பெட்டி விரிசல் விட்டுவிடும். அதற்குப்பின் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான் ஆகும். குதிரைகள் தாண்டுகிற தடுப்புக்கு.

காணும் பொங்கலன்று ஸ்டேஷன் ஜட்காக்காரர்கள் தங்கள் மட்டக்குதிரைகளை வண்டியிலிருந்து அவிழ்த்து, முதுகில் சாக்கை மடித்துப் போட்டு ஏறிக்கொண்டு திடலைச் சுற்றி ஓட்டுவார்கள். வழியில் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பும் ஒரு கூட்டத்தாருடையது. சூளைக்காரர்களான எங்களுக்கு ஒன்று, ரயில்வே போர்ட்டர்களுக்கு ஒன்று, மங்கலம்பேட்டை பாய்மார்களுக்கு ஒன்று, மாதா கோயில் தெருவுக்கு ஒன்று, நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் கூட்டிப் பெருக்குகிற பெண்களுக்கு ஒன்று. கடைசித் தடுப்பு ஜட்காக்காரர்களுடையதே. விரிசல் விட்ட பெட்டிகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கரும்புத் தோகையைப் பரப்பி வைப்போம். சிமென்டு, பூச்சு எதுவும் கிடையாது.

குதிரை தட்டிப் பெட்டி விழுந்தால் தோல்வி இல்லை. பந்தயம் முடிந்ததும் தட்டியவர் திரும்பி வந்து, தன் கையாலேயே அதை அடுக்கிக் கொடுக்க வேண்டும். அடுக்கி முடிக்கிறவரை அந்தத் தடுப்புக்காரர்கள் அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் கோபப்படக் கூடாது. வேப்பூரிலிருந்து லாரி ஏறியும் திட்டக்குடியிலிருந்து கட்டுச்சோற்றோடும் வருகிற ஜனத்தில் பாதிப்பேர் இந்த ஏச்சைக் கேட்கத்தான் வந்தார்கள். ஊரில் மற்ற நாட்களில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு ஒருவர் தடுப்பருகே இன்னொருவர் குனிந்து நின்று பேச்சு வாங்கினார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது சிரிப்பதோடு சரி.

குதிரைகளும் இதற்குப் பழகியிருந்தன. காலை முழுசாகத் தூக்காது. மேல்பெட்டியைக் குளம்பால் லேசாகத் தட்டும், பெட்டி சரிகிற வழியிலேயே போய்விடும். கடகடவென்று பெட்டி உருள்கிற சத்தம் கேட்டால்தான் கூட்டம் விசிலடிக்கும். தட்டாமல் தாண்டுகிற குதிரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மாமாவுக்கு அக்கா கிடைத்ததே இந்தச் சத்தத்தில்தான். மாமா பெயர் கோவிந்தன். கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருஷம் அவர் குதிரை கமிட்டிப் பெண்கள் தடுப்பை அடியோடு சாய்த்துவிட்டது. அடுக்க வந்தார். எங்கள் அக்கா வள்ளி அப்போது கமிட்டியில் நெல் கூட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தலைமேலேயே நின்றது.

"கோணையா இருக்குது. எடுத்துட்டு மறுபடி அடுக்குங்க."

மாமா எடுத்துவிட்டு அடுக்கினார்.

"பொட்டிய நேரா வைக்கத் தெரியல, நீங்கல்லாம் எப்பிடிங்க வண்டிய ரோட்டுல ஓட்டுறீங்க? ஏறுனவங்க உசுரோட வூடு போயி சேர்றாங்களா?"

"நீ ஒரு நாளு ஏறிப் பாரேன், தெரியும்."

பெண்களெல்லாம் ஓவென்று கத்தினார்கள். நான் பக்கத்தில் கரும்புக்கட்டுக்குப் பின்னால் இருந்தேன். அக்காவை ஒருவர் இப்படிச் சொல்லுகிறாரே, தம்பியாக நான் போய் என்ன என்று கேட்க வேண்டுமே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். மாமா அக்காவை அந்த ஜட்காவில்தான் அழைத்துப் போனார்.

இனி அந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். கோப்பை, பணம் எதுவும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அந்த மரத்தடியில்தான் ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். ஜெயித்தவருக்கு அடுத்த பொங்கல் வரைக்கும் வரிசையில் முதல் இடம். எந்த ரயில் வந்தாலும் முதல் சவாரி அவருக்கு. மற்றவர்கள் முந்தக் கூடாது. மினி பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு ரயிலுக்கு முன்னால் நிற்கிற ஒன்றிரண்டு வண்டிகளுக்குத்தான் ஆள் கிடைத்தது. பின்னால் நிற்கிறவர்கள் குதிரைக்கு ஈ ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மாமா எப்போதும் பின்னால்தான். ஒரு வருஷம்கூட ஜெயித்ததில்லை. அக்கா பெண் செல்வி அப்போது கைக்குழந்தை. சில நாள் சாயங்காலம் கொள்ளு ராணிக்கு மட்டும்தான் அவிந்தது, வீட்டு அடுப்பு எரியவில்லை. அக்கா இதை வெளியே சொல்லாது. எனக்குக் கொடுக்கிற கை சிறியதாகிவிட்டதை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் மாமா ராணியை ஐப்பசியிலிருந்தே திடலில் ஓட்டினார். "இந்த வாட்டி மொத எடம் நமக்குத்தான் வள்ளி" என்று தினமும் சொல்லுவார். "அதையே போன வருஷமும் சொன்னீங்க" என்று அக்கா சொல்லும். ஆனால் ராணியின் நெற்றியில் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் அனுப்பும்.

அதே வருஷம்தான் சேர்மன் உள்ளே வந்தார். அவர் எந்தச் சபைக்கும் சேர்மனாக இருந்ததில்லை. இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றவர். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. டைல்ஸ் கம்பெனி வைத்திருந்தார். மார்கழியில் ஒரு நாள் காரில் வந்து திடலில் இறங்கி, அடுக்கி வைத்த பெட்டிகளைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"எத்தினி நாளைக்குத்தான்யா இந்த ஒடைஞ்ச பொட்டியவே வச்சிக்கிட்டு இருப்பீங்க? வெளியூர்க்காரன் பாத்தா சிரிக்க மாட்டானா? பீங்கானுக்குப் பேர் போன ஊருய்யா இது."

ஜட்காக்காரர்களின் கடைசித் தடுப்பை அவர் செலவிலேயே கட்டிக் கொடுத்தார். செங்கல், சிமென்டு, மேலே முகம் தெரிகிற மாதிரி வெள்ளை டைல்ஸ். பழைய தடுப்பின் உயரம் எவ்வளவோ அதே உயரம். நடுவில் அவர் பெயர் எழுதிய கல். எங்கள் எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை. சூளைக்காரர்கள் நாங்களே போய் டைல்ஸைத் தடவித் தடவிப் பார்த்தோம். இவ்வளவு நல்ல சரக்கு எங்கள் ஊரில் தங்கினதே கிடையாது, லாரி ஏறி வெளியூருக்குத்தான் போகும். ஜட்காக்காரர்கள் சேர்மனுக்கு மாலை போட்டார்கள்.

மங்கலம்பேட்டை காதர் பாய் நாலைந்து வருஷமாக முதல் இடத்தை விடாதவர். அவர் குதிரை சுல்தான். அவர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "கோவிந்தா, இனிமே அடுக்குற வேல மிச்சம்டா."

"அப்போ தட்டுனா யார நிக்க வச்சி ஏசுறதாம்?" என்று அக்கா கேட்டது. வேடிக்கைக்குத்தான் கேட்டது. எல்லாரும் சிரித்தோம். பெட்டி சரியும், சுவர் சரியாது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. குதிரையோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கும் தோன்றவில்லை, மண்ணை வேக வைத்துப் பிழைக்கிற எங்களுக்கும் தோன்றவில்லை. பளபளப்பைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

காணும் பொங்கல் வந்தது. மேடை போட்டு, மைக் வைத்து, சேர்மனுக்குச் சோபா போட்டிருந்தார்கள். ராணி அன்றைக்கு ஓடியதுபோல நான் எந்தக் குதிரையும் ஓடிப் பார்த்ததில்லை. எங்கள் தடுப்பில் மேல்பெட்டியைத் தட்டிவிட்டுப் போனது. போர்ட்டர்கள் தடுப்பிலும் தட்டியது. கமிட்டித் தடுப்பில் இரண்டு பெட்டி விழுந்தது. "வாங்க வாங்க, வந்து அடுக்குங்க, இருக்குது ஒங்களுக்கு" என்று அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தியது. கடைசித் தடுப்புக்குப் போகும்போது மாமா முன்னால், காதர் பாய் கொஞ்சம் பின்னால். மாமா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

ராணி எப்போதும் தட்டுகிற மாதிரித் தட்டியது.

கடகடவென்ற சத்தம் வரவில்லை. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ராணி சுவருக்கு அந்தப் பக்கம் தலைகுப்புறப் போய் விழுந்தது. மாமா தூரப் போய் விழுந்தார். விசிலடிக்க வாயில் விரலை வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

காதர் பாய் சுவருக்கு முன்னாலேயே சுல்தானை இழுத்துப் பிடித்துக் குதித்து ஓடினார். தாண்டியிருந்தால் ஜெயித்திருப்பார். பின்னால் வந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். யாரும் அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

மாமா எழுந்தார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. ராணியைப் பார்த்தார். பிறகு, பழக்கம்தான் என்று நினைக்கிறேன், புத்தி அந்த நேரத்தில் எங்கே இருந்ததோ, சுவரோரம் போய்க் குனிந்து, நல்ல கையால் தரையில் எதையோ தேடினார். விழுந்த பெட்டியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அடுக்குவதற்கு ஒரு துண்டும் விழவில்லை. டைல்ஸில் கீறல்கூட இல்லை.

ராணிக்கு முன்னங்கால் இரண்டும் போய்விட்டது. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஊசி போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டது. காலையில் வைத்த மஞ்சள் நெற்றியில் அப்படியே இருந்தது. மேடையில் சேர்மன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

"தாண்டத் தெரியாத குதிரையக் கொண்டாந்துட்டு, செவுரு என்னய்யா பண்ணும்?"

ராணியைத் தூக்குவதற்கு முன்பே அவருடைய ஆட்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து டைல்ஸைக் கழுவினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஜெயித்தவர் இல்லை. யார் முதலில் நிற்பது என்று மறுநாள் மரத்தடியில் பேசினார்கள். மாமா கையில் கட்டோடு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். காதர் பாய்தான் பேசினார்.

"மொத எடம் கோவிந்தனோடது. அதுல பேச்சே இல்ல. குதிர வாங்கிக்கிட்டு வந்து நிக்கட்டும். அதுவரைக்கும் எவனும் அங்க வண்டிய வுடப்படாது. நானும் சேத்துத்தான்."

எல்லாரும் சரி என்றார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து ஜட்காக்கள் இரண்டாவது இடத்திலிருந்துதான் நின்றன. மரத்து நிழலில் முதல் இடம் மட்டும் காலி. இந்த மரியாதையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அடுத்த நிமிஷமே ஆற்றாமை வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மாமாவால் குதிரை வாங்க முடியவில்லை. கை கூடிய பிறகு என்னோடு சூளையடிக்கு வந்துவிட்டார். ஸ்டேஷன் பக்கமே போக மாட்டார். காலி இடம் தன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். "அவுங்க நின்னுக்கட்டும்னு சொல்லுங்க மாமா" என்றேன். நான் பேசியதே ஆச்சரியம். "நான் சொல்லிட்டேன். பாய் கேக்க மாட்டேங்கிறாரு" என்றார்.

ஆடி மாதம் ஒரு நாள் காலை ரயிலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. மரத்தடியில், அந்த இடத்தில் நின்றது. காதர் பாய் இறங்கிப் போய், "தம்பி, அங்க நிக்காத, அது கோவிந்தன் எடம்" என்றாராம்.

ஆட்டோக்காரர் சுற்றிப் பார்த்தார். "யாருங்க கோவிந்தன்? ஆளக் காணோமே. காலியாத்தானே இருக்குது?"

பாய் திரும்பி வந்து தன் வண்டியில் ஏறிக்கொண்டார். ரயில் வந்தது. இறங்கியவர்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். மறுநாள் அதன் பின்னால் இன்னொன்று நின்றது. ஜட்காக்கள் பின்னால் தள்ளித் தள்ளிக் கக்கூஸ் சுவர் வரைக்கும் போய், அங்கிருந்தும் போயின. சுல்தானை விற்றுவிட்டுப் பாய் மங்கலம்பேட்டையில் மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் கடை போட்டு உட்கார்ந்தார். காதர் பாய் அந்த முதல் இடத்தில் நின்றிருந்தால் அந்த ஆட்டோ வந்திருக்காதா என்றால், வந்துதான் இருக்கும். ஆனால் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. நாங்கள் இடத்தைக் கூட்டிப் பெருக்கி, நிழலோடு கொடுத்தோம்.

அடுத்த பொங்கலுக்குப் பந்தயம் நடக்கவில்லை. ஆபத்து என்று மனு கொடுத்தவர் சேர்மன்தான். அவரே சொன்னால் யார் மறுப்பார்கள்? திடல் சும்மா கிடந்தது. பிறகு கல் நட்டார்கள். புறம்போக்கு எப்படி மனையானது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதில் மனை வாங்கிவிட்டார்கள். பெட்டிகளையெல்லாம் பள்ளத்தில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார்கள். மூக்கில்லாத நாய்களும் பிள்ளையார்களும் அதோடு போயின. வெள்ளைச் சுவரை மட்டும் இடிக்கவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம். மாமா சூளையடியில் பெட்டி சுமந்து சுமந்தே நெஞ்சில் தூசி கட்டிப் போய்ச் சேர்ந்தார். நான் வேலை பார்த்த கம்பெனியும் இப்போது இல்லை. தெருப் பெயரையும் தடுப்புப் பெயரையும் சொல்லி ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிற நாள் ஒன்று ஊரில் இருந்தது என்று செல்விக்கே தெரியாது. இப்போதும் ஏசிக்கொள்கிறார்கள். சிரிக்கிறதில்லை.

காதுகுத்து முடிந்து அக்காவும் நானும் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். அக்காவுக்கு முட்டிவலி. ஆட்டோவில் போகலாம் என்றேன். தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி வெகுகாலம் ஆகிறது. அடிக்கட்டை மட்டும் தரையோடு தரையாகத் தெரிகிறது. அந்த இடத்தில் முதல் ஆட்டோ நின்றது. அக்கா அதைத் தாண்டிப் போய் இரண்டாவது ஆட்டோவில் ஏறப் பார்த்தது.

"யம்மா, இங்க வாங்க. வரிசைன்னு ஒண்ணு இருக்குதுல்ல? மொத வண்டி இதான்" என்று முதல் ஆட்டோக்காரர் கூப்பிட்டார்.

அக்கா திரும்பி நின்றது. "வேணாம் தம்பி. அந்த எடத்துக்கு ஆளு இருக்குது."

அந்தப் பிள்ளை எட்டி உள்ளே பார்த்தார். "ஆளு இல்லம்மா, காலியாத்தான் இருக்குது. ஏறுங்க."

வரிசையை மீறி ஏற்ற மற்றவர்களும் சம்மதிக்கவில்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. நானும் பின்னால் நடந்தேன். வீடு போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன். காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக மார்கழி போய்விட்டது. இன்றைக்குத்தான் முடித்தேன்.

தை மாதம் மூன்றாம் தேதி, காணும் பொங்கல்.